பொந்தை அடைத்தவர்கள்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு பரீட்சை வைத்துத்தான் உள்ளே விட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று மதுரையில் சொன்ன பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதில் தேறியிருக்க மாட்டார்கள். ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இதே நோயில் போய்ச் சேர்ந்த சொந்தக்காரர் கதையை ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சிரிப்பார். "பேசிட்டுப் போறாவ, விடு. அவியளுக்கும் பொழுது போகணும்லா" என்பார்.

கதைகளை அவர் தாங்கிக்கொண்டார். சாப்பாட்டைத்தான் தாங்க முடியவில்லை. மருந்து ஏற்றிவிட்டு வந்தால் வாயெல்லாம் புண். கஞ்சியைக் காட்டினாலே முகத்தைத் திருப்புவார். எடை இன்னும் இறங்கினால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நாள் முழுக்கத் தம்ளரும் கையுமாக அவர் பின்னால் அலைந்தேன்.

அப்போது எனக்குக் கைகொடுத்தவை இரண்டு ஆந்தைகள். எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு வாகை மரம். அதன் பொந்தில், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட சின்ன ஆந்தைகள் ஜோடியாகக் குடியிருந்தன. வெயில் தாழ்ந்ததும் வெளியே வந்து ஒரே கிளையில் ஒட்டி உட்காரும். ஒன்று மற்றதன் கழுத்தைக் கோதிவிடும். நம்மைப் பார்த்துவிட்டால் தலையை ஏற்றி இறக்கி முழிக்கும். "அந்த முழியைப் பாரேன். எங்க மில்லு சூப்பர்வைசரு தோத்தாரு" என்று அவர் ஒருநாள் சொன்னார். சொல்லிக்கொண்டே கையிலிருந்த கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டார்.

மறுநாளும் அதே நேரத்துக்குக் கட்டிலைப் பின்வாசலுக்கு இழுத்தேன். "அவிய வந்துட்டாவளா?" என்று கேட்டுக்கொண்டே தம்ளரை வாங்கினார். அதன்பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் ஆந்தைகள் சொல்கிற நேரம்தான். அவற்றின் கரகரத்த கத்தலைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். காலையில் அழுதிருந்தாலும் அந்த நேரத்தில் அழ மாட்டேன்.

இது பொறுக்கவில்லை சனங்களுக்கு. ஒரு சாயங்காலம் சபையிலிருந்து ஜெபம் பண்ண வந்திருந்தார்கள். பாட்டு முடிகிற நேரம் பார்த்து ஆந்தைகள் கத்தின. உயிர் கர்த்தர் கையில் என்று கண்ணை மூடிப் பாடியவர்கள், கண்ணைத் திறந்ததும் அது ஆந்தை கையில் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். மம்சாபுரத்திலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனார். தாய் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவர் இந்த அக்காதான்.

"ஏட்டி, சீக்காளி கிடக்க வீட்டுல சாக்குருவிய வச்சு வேடிக்கை பாக்கியே. மொதல்ல அதை விரட்டு."

"அதுகளைப் பாத்துத்தான் மதினி அவிய சாப்பிடுதாவ."

"உனக்குத் தாலி வேணுமா, ஆந்தை வேணுமா?"

வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே கழுவினேன்.

அடுத்த மருந்துக்கு மதுரை போனபோது, கோழிக்குத் தீனி போட வீட்டுச் சாவியை அக்காவிடம்தான் கொடுத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து கட்டிலைப் பின்வாசலுக்கு இழுத்தேன். பொந்து இருந்த இடத்தில் சிமெண்டுப் பூச்சு. கொத்தனாரைக் கூட்டி வந்து, செங்கல் துண்டு வைத்து, வீட்டுச் சுவர் மாதிரி நைசாகத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போனில் கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார் அக்கா. என்ன நல்லதோ! பக்கத்து வீட்டில் ஏணியும் உளியும் வாங்கி நானே ஏறி உடைத்தேன். உள்ளே இறகும், சிமெண்டில் ஒட்டி உடைந்த ஒரு முட்டையும் இருந்தன. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஆந்தைகள் இரண்டும் தப்பித்திருந்தன. தெருமுனையில் மின்கம்பத்துக் கம்பியில் அவற்றைப் பார்த்தேன். அவரை நாற்காலியோடு வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினேன். பார்த்தார். தம்ளரை வாங்கவில்லை. "வேண்டாம்ட்டி" என்றார். எடை இறங்கியது. மருந்து தள்ளிப்போனது. கடைசியில் மூக்கில் குழாய் வைத்துத்தான் ஆகாரம் ஏற்றினார்கள். ஒவ்வொரு முறை அந்தக் குழாயில் பால் ஊற்றும்போதும் அக்காவை மனதுக்குள் வைதேன். வாயில் வராத வார்த்தையெல்லாம் அப்போது வந்தது.

பிழைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து, ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு, வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். அக்கா எழுந்து சாட்சி சொன்னார். சாத்தானின் பறவையை அடைத்த நாளிலிருந்து தம்பிக்குச் சுகம் இறங்க ஆரம்பித்தது என்றார். எல்லாரும் ஆமென் போட்டார்கள். என் பல்லை நானே கடித்து உடைத்திருப்பேன். எழுந்து கேட்டுவிடுவது என்று சேலையைச் சொருகினேன்.

அதற்குள் அவர் பேசினார். குழாய் போட்ட தொண்டை, குரல் சன்னமாகத்தான் வந்தது.

"அக்கா, வாரவங்க போறவங்க எம்புட்டோ பேசுனாவ. நான் எதையும் எடுத்துக்கல. எங்க அக்கா இருக்கா, அவ என்னைய விட மாட்டான்னு கெடந்தேன். அந்தச் சிமெண்டைப் பாத்த பொறவுதான், நீயே நான் செத்துருவேன்னு முடிவு பண்ணிட்டன்னு தெரிஞ்சுது. பொறவு எதுக்கு சாப்பிடணும்னு விட்டுட்டேன்."

அக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சொருகிய சேலையை எடுத்துவிட்டேன். ஆந்தை போன ஏக்கத்தில்தான் பட்டினி கிடக்கிறார் என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன்.