ராஜம்மாவின் மூக்கும் காலர் பட்டையும்

விளையாட்டு ஆசிரியை வேலையில் ஓட்டத்தைப் பார்க்கும் நேரம் குறைவு. மூக்குகளைப் பார்க்கும் நேரமே அதிகம். இதே வேலையில் இருக்கும் நீங்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும். நாடு விடுதலையான மெர்டேக்காவுக்கு அடுத்த வருடம், கல்லூரியை முடித்த கையோடு காஜா பெராங் பள்ளிக்கு வந்தேன். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிற என்னிடம் விசிலைக் கொடுத்தார்கள்.

தைலம்

மூச்சு தாராளமாக வரும் என்று யாரோ சொல்ல, என் ஓட்டக்காரிகள் பயிற்சிக்கு முன் மூக்கில் தைலம் தடவ ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பரிமளம் அளவில்லாமல் தடவிவிட்டு, தாரை தாரையாகக் கண்ணீர் வழிய, கோட்டைத் தாண்டிப் போய், பக்கத்தில் ஓடிய ராஜம்மா மேல் மோதினாள். இருவரும் புல்லில் கிடந்தார்கள். ஓடிப்போய்த் தூக்கினேன். பரிமளம் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கண்ணுதான் தெரியல டீச்சர், மூச்சு நல்லா வருது."

தையல்காரரின் யோசனை

ராஜம்மாவின் அப்பா முனியாண்டிக்கு ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் தையல் கடை. மாநிலக் குழுவுக்கான தேர்வு ஓட்டத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால்தான் மகள் மேற்கொண்டு ஓடலாம். இல்லையென்றால் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து பட்டன் தைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவளுக்கோ ஓட்டம்தான் உயிர்.

மகளின் மூக்கு ஒடுக்கம், அதனால்தான் கடைசியில் மூச்சு இளைக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. சட்டைக் காலர் மடங்காமலிருக்க உள்ளே வைக்கும் விறைப்பான பட்டையில் ஒரு துண்டை வெட்டி, அவள் மூக்கின் மேல் குறுக்கே வளைத்து வைத்து, பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார். பட்டை நிமிரும்போது மூக்குத் துவாரமும் விரியுமாம். விசாரிக்கப் போன என்னிடம் கேட்டார்: "காலர் நின்னா ஆளே நிமிர்ந்து நடக்கிறாரு டீச்சர். மூக்கு நின்னா எம்மவ ஓட மாட்டாளா?"

கடிகாரம்

மூன்று நாள் பட்டையோடும் மூன்று நாள் பட்டையில்லாமலும் ராஜம்மாவை இருநூற்றிருபது கஜம் ஓடவிட்டு, ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. மூக்குத் தோல்தான் சிவந்து உரிந்திருந்தது.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போனேன். அங்கே இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றதால் பாதிதான் வாயில் வந்தது. முனியாண்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: "கடிகாரத்த ஒரு தடவ சுத்தம் பண்ணக் குடுங்க டீச்சர்."

தேர்வு நாள்

பத்து பெரெண்டாம் ஊர்த் திடலில், ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் மலாய் ஆசிரியர் ராஜம்மாவின் மூக்கிலிருந்த பட்டையைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அதை எடுத்தால் ஓடலாம், இல்லையென்றால் ஒதுங்கலாம் என்றார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முனியாண்டி எடுக்காதே என்று தலையாட்டினார். "அப்பா பாக்குறாரு டீச்சர்," என்றாள் ராஜம்மா, நகராமல். மற்றப் பெண்கள் குனிந்து தயாராக இருந்தார்கள். போய், அத்தனை பேர் முன்னிலையில், பிளாஸ்திரியை நானே பிடுங்கினேன்.

கடைசி இருபது கஜம் வரை மூன்றாவதாக ஓடியவள் இரண்டாவதாக வந்தாள். முனியாண்டி கயிற்றுக்கு அடியில் நுழைந்து நேரே என்னிடம் வந்தார். திட்டு வாங்கத் தயாரானேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு: "பாத்தீங்களா டீச்சர், இத்தன நாள் போட்டதுல மூக்கு பழகிடுச்சு. இப்ப பட்டை இல்லாமலே நிக்குது."

ஓடும் பிள்ளைகளுக்கு மூச்சு எங்கிருந்து வருகிறது என்று காஜா பெராங்கில் எல்லாருக்கும் தெரியும். அதற்கென்றே சம்பளம் வாங்கும் எனக்கு மட்டும்தான் தெரியாது.