கழற்றி வைத்த கொலுசு

ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலேறி, ஐந்து வயது மகளுடன் பழைய சென்னையிலுள்ள நாடக அருங்காட்சியகத்துக்குப் போனேன். கூட்டத்தில் யாராவது உருவிவிடுவார்களோ என்று அவள் கொலுசைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ராஜா வேடக் கிரீடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பிள்ளையைக் காணோம்.

"பாப்பா வெளிய போவலக்கா, நான் வாசல்லயே குந்திகினு கீறேன்" என்றார் காவலாளி. அறை அறையாகத் தேடினோம். கொலுசு இருந்திருந்தால் அவள் நகர்ந்தபோதே தெரிந்திருக்கும். கடைசியில், கனத்த உடுப்புப் பெட்டியொன்றின் மூடியிடுக்கில் அவள் பாவாடை நுனி தெரிந்தது. ஒளிந்து விளையாட உள்ளே இறங்கியிருக்கிறாள். மூடி விழுந்து கொக்கி மாட்டிக்கொண்டது. திறந்தபோது வேர்வையில் நனைந்து மூச்சு வாங்கினாள்.

"காலால உதைச்சேனேம்மா, உனக்குக் கேக்கலையா?"

இப்போது எங்கே போனாலும் கொலுசைக் கழற்றுவதில்லை. திருடன் கொண்டுபோனால் போகட்டும், வெள்ளிதானே.