பதினைந்து நாளில் ஆறாத புண்

என் மனைவி இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவள் வாயிலிருந்து வாடை வருகிறது என்று அவளிடம் முதலில் சொன்னவன் நான்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அவள் இரண்டாம் வகுப்பு டீச்சர். காலையில் அவளை பைக்கில் இறக்கிவிட்டு நான் சிறுசேரிக்கு வேலைக்குப் போவேன். என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு, முந்தின நாள் பிள்ளைகள் செய்த சேட்டைகளைச் சொல்லிக்கொண்டே வருவாள். ஒருநாள் சிக்னலில் நின்றபோது நான் திரும்பாமலே சொன்னேன்.

"கொஞ்சம் தள்ளிப் பேசேன். ஸ்மெல் வருது."

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். பள்ளி வாசலில் இறங்கியதும், "பல்லு தேய்ச்சுட்டுத்தானே வந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே சமையலறையில் வைத்தியம் தொடங்கிவிட்டது. முதலில் உப்பு போட்ட வெந்நீர். பிறகு கிராம்பும் பட்டையும் கொதிக்க வைத்து வடிகட்டிய தண்ணீர். ஒரு வாரம் கொய்யா இலைக் கஷாயம். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றவை. கடையில் வாங்குவது கெமிக்கல், வீட்டில் செய்தால் ஆபத்தே இல்லை என்று அவற்றில் சொன்னார்கள். அவள் நம்பினாள். எனக்கும் ஒரு மடக்கு கொடுப்பாள். நான் கொப்பளித்துவிட்டு, "சூப்பரா இருக்கு, கடை போட்டுடலாம்" என்று கிண்டல் செய்வேன்.

நாக்கின் இடது ஓரத்தில் புண் இருப்பதாக அவள் சொன்னது அந்த நாட்களில்தான். "சூட்டுப் புண்ணா இருக்கும்" என்று மணத்தக்காளிக் கீரை வாங்கி வந்து கொடுத்தேன்.

அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு. காயம் கழுவுகிற மருந்து. வீடியோவில் தண்ணீர் நிறையக் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் சீக்கிரம் ஆறட்டும் என்று அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டாள். வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெந்துவிட்டது. பல் டாக்டரிடம் ஓடினோம். சின்ன வயசுப் பெண். பார்த்ததும் கோபப்பட்டாள்.

"வீட்ல செஞ்சா எல்லாம் சேஃப்னு யார் மேடம் சொன்னது? கிராம்பு எண்ணெயைக்கூட அப்படியே வச்சா வெந்துடும். எல்லாத்தையும் நிறுத்துங்க. வெந்த இடம் தானா ஆறிடும். ஓரத்துல இருக்கிற புண்ணுதான் எனக்குப் பிடிக்கலை. பதினஞ்சு நாள்ல ஆறலைன்னா கண்டிப்பா வரணும்."

வெந்த இடம் ஆறியது. அந்தப் புண் ஆறவில்லை. பள்ளியில் முழுஆண்டுத் தேர்வு வந்தது, எனக்கு ஆபீஸில் வேலை நெருக்கியது. "ஏங்க, சனிக்கிழமை போலாமா?" என்று மூன்று வாரம் கேட்டாள். மூன்று முறையும் அடுத்த வாரம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட ஆரம்பித்தாள். காதுக்குள் வலிக்கிறது என்று அவள் அழுத பிறகுதான் கூட்டிக்கொண்டு போனேன்.

புண்ணிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் புற்றுநோய் என்றார்.

"நான் வெத்தலைகூடப் போட்டதில்லையே டாக்டர்" என்றாள், தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

"போடாதவங்களுக்கும் வரும்மா."

"வாயில ஊத்தின அந்தப் பெராக்சைடால வந்ததா சார்?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாது. ஆனா இவ்வளவு நாள் விட்டிருக்கக் கூடாது."

பாதி நாக்கை எடுத்தார்கள். அப்புறம் ரேடியேஷன். பேச்சு குழறியதால் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவாள். ஆறவைத்த வெந்நீரில் உப்பும் சமையல் சோடாவும் அளவாகக் கலந்து அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா. நான் லீவு போட்டுவிட்டு, மணிக்கு ஒருதரம் அதைக் கலந்து கொடுத்தேன்.

ஒரு மத்தியானம் கொப்பளித்துவிட்டு நோட்டை எடுத்து எழுதினாள். "இப்போ ஸ்மெல் வருதா?"

"இல்லவே இல்லை" என்றேன்.

என்னையே பார்த்தாள். வந்தது. அறை முழுக்க வந்தது. நான் குனிந்து அவள் தோளில் முகத்தை வைக்கப் போனேன். அவள் உள்ளங்கையால் என் நெஞ்சைத் தள்ளிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு அவள் என்னைக் கிட்டே விடவே இல்லை. அடுத்த மாதம் போய்விட்டாள்.

போன மாதம் ஆபீஸ் கேன்டீனில் கூட வேலை செய்கிற ஒருவர் சாப்பிட முடியாமல் தட்டை நகர்த்தி வைத்தார்.

"வாய்ல புண்ணு சார். கிராம்பு எண்ணெய் வச்சுக்கிட்டிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

அவரை அப்போதே பைக்கில் ஏற்றிக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். உடைந்த பல் ஒன்று குத்திக்கொண்டிருந்தது. அதன் முனையை ராவிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள். அவர் மறக்காமல் போனார். புண் ஆறிவிட்டிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க இல்லேன்னா நான் போயிருக்கவே மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அன்று அவரைக் கூட்டிப் போய்த் திரும்பியதற்கு மொத்தம் முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.