மாமாவின் எண்ணெய் வண்ணப் பெண்கள்

என் பெரிய மாமா கதை எழுதுவதற்கு முன்னால் படம் வரைவார். நாவலில் வரப்போகிற பெண்ணை கேன்வாஸில் தீட்டிச் சுவரில் மாட்டிவிட்டு, அவளைப் பார்த்துக்கொண்டேதான் முதல் வரியைத் தொடங்குவார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். குருசுக்குப்பத்தில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால் குழந்தைகூட வழி காட்டும். எழுத்தாளர் வீடு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதில் மாமாவுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

மாமாவின் மனைவி, என் அத்தை, பிரான்சில் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு ஆறு வயதில், விழுப்புரத்தில் அப்பாவைப் பெற்றவர்கள் வீட்டுக்கு என்னை அனுப்பியிருந்த ஒரு வாரத்துக்குள் அவள் கிளம்பிப் போயிருந்தாள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனதில் எனக்குக் கோபம். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் பிரான்சில் இருப்பார்கள். அதனால் அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பத்து வயதில், மே மாத விடுமுறையில், அம்மா தினமும் லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் என்னைக் கொண்டுவந்து மாமா வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் போவாள். மாடியறையில் மாமா எழுதுவார். நான் தரையில் உட்கார்ந்து என் வாட்டர் கலர் பெட்டியோடு மல்லுக்கட்டுவேன். ஒருநாள் நான் வரைந்த வீட்டின் கூரை கோணலாகிவிட்டது. மேலே எவ்வளவு சிவப்பைப் பூசினாலும் அடியில் பழைய கோடு தெரிந்தது.

"அது காட்டிக் குடுத்துடும்," என்றார் மாமா, எழுதுவதை நிறுத்தாமல். "தண்ணிக் கலர்ல எதையும் ஒளிக்க முடியாது. அதான் நான் அதத் தொடறதே இல்ல."

"எண்ணெய்க் கலர்ல ஒளிக்கலாமா மாமா?"

"ஒரு ஊரையே ஒளிச்சிடலாம்."

பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்த அறையில் நான்கு பெண்கள் இருந்தார்கள். டீச்சர், தையல்காரி, கன்னியாஸ்திரி, மீன்காரி. முதல் மூவரின் கதைகள் புத்தகமாகிவிட்டன. மீன்காரி புதியவள். மாட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. நால்வரும் கண்ணை அகலத் திறந்து நேராகப் பார்ப்பார்கள். அறையில் எங்கே உட்கார்ந்தாலும் அந்த எட்டுக் கண்களும் என்மேல்தான் இருக்கும்.

மாமா ரொட்டி வாங்கப் போயிருந்த ஒரு சாயங்காலம், மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக வந்து சுவரில் விழுந்தது. மீன்காரியின் கன்னத்தில் ஒரு மேடு தெரிந்தது. எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அது மூக்கு. இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய மூக்கு இருந்தது, கன்னத்தின் குறுக்கே இன்னொன்று படுத்துக் கிடந்தது.

விரலால் தடவினேன். மூக்கு, உதடு, தாடை. அவளுக்குள்ளே வேறு யாரோ ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். ஓடிப்போய் டீச்சரைத் தடவினேன். அங்கேயும் அதே மூக்கு, அதே சாய்வு. தையல்காரியிடம் இருந்தது. கன்னியாஸ்திரியின் வெள்ளைத் துணிக்கடியிலும் இருந்தது. வீட்டில் யாருமில்லை. கீழே இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை.

மாமா பிரஷ் துடைக்கும் டர்பன்டைன் துணி மேசைமேல் கிடந்தது. அதை எடுத்து மீன்காரியின் ஒரு கண்ணைத் தேய்த்தேன். பழைய படங்கள் கல்லாக இறுகிவிட்டிருந்தன, இவள் மட்டும் கரைந்தாள். திறந்திருந்த கண் துணியோடு வந்துவிட்டது. அதற்குக் கீழே மூடிய இமை ஒன்று இருந்தது. இன்னும் தேய்த்தேன். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. உதட்டோரத்தில் மச்சம்.

அத்தை.

படியில் சத்தம் கேட்டது. மாமா ரொட்டியோடு வாசலில் நின்றார். அடிப்பார் என்று நினைத்துத் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மெல்ல வந்து படத்தின் எதிரில் உட்கார்ந்தார்.

"யாருன்னு தெரியுதா?"

"அத்தை."

"நெசமாவே தெரியுதா?"

தலையாட்டினேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்துபோனது. திட்டு விழாததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"ஏன் மாமா அத்தைய உள்ள வெச்சிருக்கீங்க?"

"நான் எங்க வெச்சேன்," என்றார். "வேற யாரையோ வரையத்தான் உக்கார்றேன். ஒவ்வொரு தடவயும் இவதான் வந்து படுத்துக்கிறா. அப்புறம் மூடித்தான் எழுத வேண்டியிருக்குது."

நான் படத்தை மறுபடியும் பார்த்தேன். முடியெல்லாம் நெற்றியில் ஈரமாகப் படிந்திருந்தது.

"தல குளிச்சிட்டு அப்படியே தூங்கிட்டாங்களா மாமா?"

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "ஆமாம்மா, தூங்கிட்டா," என்றார். பிறகு பிரஷை எடுத்து, அந்த இமையின்மேல் மீன்காரியின் கண்ணை மறுபடி தீட்டத் தொடங்கினார். அந்தக் கண் மட்டும் கொஞ்சம் கீழிறங்கிவிட்டது. கடைசிவரை அதை அவர் திருத்தவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது மாமா இறந்தார். அதற்குப் பிறகுதான் அம்மா சொன்னாள். அத்தை பிரான்சுக்குப் போகவே இல்லை. ஒரு விடியற்காலையில் கட்டுமரக்காரர்கள் அவளைக் கரைக்குக் கொண்டுவந்து மணலில் கிடத்தினார்கள். தவறி விழுந்தாளா, தானாக இறங்கினாளா என்று யாருக்கும் தெரியாது. ஆள் அடையாளம் சொல்லப் போனவர் மாமாதான். பிரான்சு என்பது குழந்தைகளுக்காக அவர் கட்டிய கதை. அதைக் குடும்பம் மொத்தமும் சேர்ந்து காப்பாற்றியது. அவருடைய நான்கு நாவல்களையும் அப்புறம் தேடிப் படித்தேன். நான்கும் இதே ஊரில்தான் நடக்கின்றன. ஒன்றில்கூடக் கடல் இல்லை. மீன்காரியின் கதையிலேயே இல்லை.

மீன்காரியின் கண்ணை நான் தேய்த்த அந்தச் சாயங்காலம் அம்மா என்னைக் கூட்டிப்போக வந்தாள். வண்டி கருவடிக்குப்பம் தாண்டும்போது, பின்னால் உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாப் படத்திலும் அத்தை இருக்கிறாள், ஈரத் தலையோடு தூங்குகிறாள், நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். அவள் முதுகு குலுங்கிக்கொண்டே வந்தது. ரோடு சரியில்லை என்று நினைத்து, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.