நான் திருப்பி மாட்டிய ஃபேன்

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பினால் ஒருவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார் — ஈரக் கையை.

"சார், நீங்கதானே வாராவாரம் எழுதறீங்க? நான் இங்க கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கேன் சார். அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு கட்டுரை... நானும் என் வொய்ஃபும் வுழுந்து வுழுந்து சிரிச்சோம்!"

எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நானும் சிரித்தேன். அவர் விடவில்லை.

"அத்தப் படிச்சதுலேர்ந்து ரிப்பேர் வேலைக்குப் பொண்ணுங்கள எடுக்கறதே இல்ல சார். போன வருஷம் ஒரு பொண்ணு வந்துது. தேன்மொழின்னு பேரு. வளவனூர்லேர்ந்து இங்க கட்டிக் குடுத்திருக்காங்க. டிப்ளமா படிச்சிருக்குது, விழுப்புரத்துல வேலை பாத்திருக்குது. வேணாம்மான்னு அனுப்பிட்டேன். இப்ப பஸ் ஸ்டாண்டுகிட்ட துணிக்கடையில நின்னுக்கினு இருக்குது."

என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கட்டுரையில் பெயர் போடாமல் நான் கிண்டல் செய்த பெண்ணே தேன்மொழிதான்.

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 'கையில் வளையலுக்குப் பதில் ஒயர் மாட்டிக்கொண்டு வந்த மெக்கானிக்' என்று எழுதியிருந்தேன். கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஆயிரம் சாங்கியம் பார்த்தார், இரண்டே வாரத்தில் மெஷினைக் கருக்கிவிட்டார் என்று... கடிதங்கள் வந்து குவிந்தன.

அதில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, நாற்பத்தைந்து வயதில், எனக்குக் கார் ரேஸ் கேம் பைத்தியம் பிடித்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் கார் தத்தித் தத்திப் போனது. பொறுக்குமா? நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினெட் என்று பாகம் பாகமாக வாங்கினேன். அதையெல்லாம் மாட்டித்தர, விழுப்புரத்தில் நான் வழக்கமாகப் போகும் கடையின் முதலாளி அனுப்பிய ஆள்தான் தேன்மொழி. இருபத்துமூன்று வயதிருக்கும்.

வந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்தார். "சார், இந்தக் கார்ப்பெட்ட சுருட்டிடலாமா?"

"எதுக்கும்மா?"

"நைலான் சார். மேல நடந்தா உடம்புல கரண்ட் சேரும். ஏசி ரூம்ல இன்னும் ஜாஸ்தி. அப்டியே போய் போர்டத் தொட்டா அது போயிடும்."

"ஷாக் அடிச்சா எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியற அளவுக்கு வேணாம் சார். அது சாவறதுக்குக் கொஞ்சூண்டு போதும்."

மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் ஒயரைக் கேபினெட்டின் இரும்பில் கிளிப் போட்டார். உடம்பில் சேருவது அதன் வழியே இறங்கிவிடுமாம். அதற்கப்புறம்தான் பாகங்களைப் பிரித்தார். எதையும் ஓரத்தில் மட்டுமே பிடித்தார் — சுடச்சுட இட்லித் தட்டை எடுப்பதுபோல. முடித்ததும் ஃபேன்களைக் காட்டினார்.

"முன்னாடி ஃபேன் காத்த உள்ள இழுக்கும் சார். பின்னாடி ஃபேன் சூட்ட வெளிய தள்ளும். எந்தப் பக்கம் காத்து போவும்னு ஓரத்துல அம்புக்குறி இருக்குது பாருங்க. அத்த மாத்திடாதீங்க. ஷோகேஸ் உள்ள வச்சி மூடவும் வேணாம், சூடு அடைச்சிக்கும்."

சரி சரி என்றேன். காதில் வாங்கினேனா? கண்ணெல்லாம் திரையில் இருந்தது.

பத்து நாள் கார் பறந்தது. அப்புறம் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. சூடு வெளியே போகத்தானே வேண்டும்? இரண்டு ஃபேனுமே வெளியே தள்ளினால் இன்னும் நல்லதுதானே? முன் ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். தூசி படியக்கூடாதென்று கேபினெட்டை ஷோகேஸுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அதோடு விட்டேனா? கிராஃபிக்ஸ் கார்டை உருவி, மறுபடி விரித்த கார்ப்பெட்டில் உட்கார்ந்து, அதன் தங்கநிறப் பற்களைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினேன். என் சொத்து, என் பெருமை!

நாலாம் நாள் திரை கறுத்தது. லேசாகக் கருகல் வாடை. சூடு கொன்றதா, என் விரல் கொன்றதா... இன்றுவரை தெரியாது. எதுவானாலும் கை என்னுடையது.

கடைக்கு போன் செய்து கத்தினேன். முதலாளியும் தேன்மொழியும் வந்தார்கள். தேன்மொழி மூடியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். முதலாளி குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, முன் ஃபேன திருப்பி மாட்டி வச்சிருக்க?"

"நான் இப்டி மாட்டல சார்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதில் கோபமில்லை. நீங்கள் சொல்லுங்கள் என்ற எதிர்பார்ப்புதான் இருந்தது.

ஒரு வார்த்தை போதும். ஆனால் நான் படித்தவன், பத்திரிகையில் எழுதுகிறவன். ஒரு ஃபேன் விஷயத்தில் முட்டாள் என்று இந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒப்புக்கொள்வதா?

"நான் தொடவே இல்லையே" என்றேன்.

"சாரே சொல்றாரில்ல? நாளையிலேர்ந்து நீ கடைக்கு வராத" என்றார் முதலாளி.

தேன்மொழி கழற்றிய ஸ்க்ரூக்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி, காகிதத்தில் மடித்து என் மேசைமேல் வைத்தார். "வர்றேன் சார்" என்று இறங்கிப் போனார்.

அந்த வாரம் பத்திக்கு விஷயம் கிடைக்காமல் திணறிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது. எழுதினேன்.

கல்யாண மண்டபத்திலிருந்து நேரே அந்தத் துணிக்கடைக்குப் போனேன். தேன்மொழி நைட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க சார். வீட்ல அக்காவுக்குப் பாக்கறீங்களா?"

"இல்லம்மா... மன்னிப்புக் கேக்க வந்தேன். அந்த ஃபேனைத் திருப்பினது நான்தான்."

"தெரியும் சார்." மடிப்பது நிற்கவில்லை. "பொய்ய ஊரே படிக்கறாப்ல எழுதினீங்க. நெஜத்த மட்டும் எங்கிட்ட வந்து காதுல சொல்றீங்களே?"

மடித்த நைட்டிகளை அடுக்கி வைத்தார்.

"கஸ்டமர் நிக்கறாங்க சார்" என்று நகர்ந்துவிட்டார்.

ஆகவே ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். கை கழுவுமிடத்தில் என்னைப் பாராட்டிய கடைக்காரரே, நீங்களும் படியுங்கள். தேன்மொழி மாட்டியதில் ஒரு பிழையும் இல்லை.

இதை எழுதும் முன் விழுப்புரம் முதலாளிக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார்!

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். அந்த ஃபேன் ஸ்க்ரூவெல்லாம் தலை தேஞ்சி கெடந்துது. அந்தப் பொண்ணு கை அப்டி வேலை செய்யாது. ஆனா கஸ்டமர வுட்டுக் குடுக்க முடியுங்களா?"

ஆக, அன்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் உண்மை தெரிந்திருந்தது. அதைச் சொன்ன ஒருவருக்குத்தான் வேலை போனது.