மாடி அறைக் கார்ப்பெட்டுக்கு ஒரு தலை

அந்தத் தலை எரிந்துபோனதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

தலை என்று நாங்கள் சொல்வது தூசி உறிஞ்சும் மெஷினின் தலையை. எங்கள் வீட்டில் இருப்பது கையில் இழுத்துக்கொண்டு திரிகிற மெஷின் இல்லை. கார் ஷெட்டுச் சுவரில் ஒரு பெரிய டிரம் மாட்டியிருக்கும். மோட்டார் அதற்குள்ளே. அங்கிருந்து சுவருக்குள்ளேயே பைப் போகும். அறைக்கு ஒரு வாய் வைத்திருக்கிறது. ஓஸ் என்கிற நீளக் குழாயை அந்த வாயில் செருகினால் தூசியெல்லாம் ஷெட்டுக்குப் போய்விடும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன், திருச்செங்கோட்டுக்கு வெளியே இந்த வீட்டைக் கட்டும்போதே இதையும் வைத்துக் கட்டினான். அவன் அம்மாவுக்கு மூச்சிளைப்பு இருக்கிறது, தூசி ஆகாது என்பதற்காக.

டைல்ஸ் தரைக்குச் சாதா பிரஷ் போதும். மாடி அறையில் மட்டும் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் ஒட்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்தத் தலை. உள்ளே குட்டி மோட்டார், அது சுற்றும் பிரஷ். கார்ப்பெட்டின் அடியில் இருக்கிற தூசியைத் தட்டி எழுப்பி உறிஞ்சும். டாக்டர் கார்ப்பெட்டையே பிய்த்து எறியச் சொன்னார், இல்லாவிட்டால் தினமும் மெஷின் போடச் சொன்னார். பிய்க்க நான் கடப்பாரையோடு போனேன். என் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பேரன் முதன்முதலாகத் தவழ்ந்தது அந்தக் கார்ப்பெட்டில். கோடை லீவுக்கு வந்தால் அவன் உருண்டு புரள்வதும் அதில்தான். அதனால் அவள் தினமும் மெஷின் போட்டாள். இரண்டு வருஷம் மூச்சும் ஒழுங்காக இருந்தது.

நான் முப்பது வருஷம் போர்வெல் ரிக் ஓட்டியவன். காற்றை அழுத்தி உள்ளே விட்டு, பாறையை மாவாக்கி, வெளியே ஊதித் தள்ளுவது என் பிழைப்பு. போகாத மாநிலம் இல்லை. அத்தனை ஊர்த் தூசியையும் சட்டையில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் உதறியிருக்கிறேன். துவைத்தது அவள். இளைப்பு எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்டபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிக்கை விற்றபின் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்வதில்லை. ஃபேனைக் கழற்றுவேன், குழாயைக் கழற்றுவேன். நன்றாக ஓடுகிறதையும் கழற்றுவேன். அப்படித்தான் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. தலைக்குக் கரண்டு போகிற ஒயர், நேராகச் சுவர் பிளக்கில் செருகாமல், செங்கல் கனத்தில் ஒரு இரும்புப் பெட்டி வழியாகப் போயிற்று. மகன் தலையை வெளிநாட்டிலிருந்து சூட்கேஸில் கொண்டுவந்தபோது கூடவே கொண்டுவந்த பெட்டி. நம்ம கரண்டைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கும் என்று சொல்லியிருந்தான்.

குறைக்கிற பெட்டி! கோடையில் லோ வோல்டேஜில் மோட்டார் எடுக்காமல், கரண்டைக் கூட்டுவதற்கென்றே பெட்டி வாங்கி வைத்து அழுத ஊர் இது. அதில் பிறந்து வளர்ந்தவனிடம், வருகிற கரண்டைக் குறைக்க ஒரு பெட்டி என்றால் எப்படி மனசு ஒப்பும்? பெட்டி வேறு உம்மென்று சத்தம் போட்டது, சூடானது. கரண்டைத் தின்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். மகனுடைய பழைய பையில், வெளிநாட்டுப் பின்னை நம்ம பிளக்கில் செருக உதவுகிற ஒரு அடாப்டர் கிடந்தது. அதை மாட்டி, பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, நேராகச் செருகினேன். பிரஷ் பறந்தது. அதுவரை அப்படி ஓடியதே இல்லை. ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு கீழே இறங்கினேன். அவளிடம் சொல்லவில்லை. அவளே ஓட்டிப் பார்த்து, என்னங்க இன்னிக்கு இப்படி ஓடுது என்று கேட்கட்டும் என்று ஆசை.

மறுநாள் காலை கேட்டது அலறல்தான். ஓடினேன். தலையிலிருந்து புகை வருகிறது, அவள் ஓஸைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருமுகிறாள். பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கின கையோடு அடாப்டரைச் சட்டைப் பையில் போட்டேன். ஒயரை எடுத்துப் பெட்டியில் செருகி வைத்தேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்து, "நான் என்னத்தையோ தப்பா அமுத்திப்போட்டனுங்க" என்றபோது பேசாமல் இருந்தேனே, அதைக் கையின் தலையில் கட்ட முடியாது.

அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டாள். "சாமி, அம்மா அதைய கெடுத்துப்போட்டேன்." ஸ்பீக்கரில் அவன் பேசியது எனக்கும் கேட்டது. "ஏனுங்மா, அவ்ளோ தூரம் சொல்லிக் குடுத்தனே. பாத்துச் செய்யக் கூடாதுங்களா? இனிமே நீங்க அதைத் தொடாதீங்க, ஆளு வெச்சுக்கலாம்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலுத்துக்கொண்டு சொன்னான். அவள் சரி சாமி, சரி சாமி என்றாள்.

அப்புறம் அவள் மெஷினைத் தொடவேயில்லை. கீழே டைல்ஸுக்குக்கூட இல்லை. துடைப்பத்தை எடுத்தாள். ஒரு வாரத்தில் இளைப்பு திரும்பி வந்தது. மாடிக் கார்ப்பெட்டைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, படியில் உட்கார்ந்து மருந்துப் பம்பை வாயில் வைத்து உறிஞ்சுவாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. நீ பெருக்கவே வேண்டாம் என்று கத்தினேன். பேரன் வரப்போகிறான் என்றாள். வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்தேன். அடாப்டர் சட்டை மாறி சட்டை பையிலேயே வந்தது. தூக்கி எறியவும் தைரியமில்லை.

வேறு தலை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எரிந்த தலையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். சங்ககிரியில் பஸ் டீக்கு நின்றதற்கு டிரைவரிடம் சண்டை போட்டேன்.

சேலத்தில் ஒரு சந்துக்குள் இந்த மாதிரி மெஷின்களுக்குச் சாமான் விற்கிற கடை. கடைக்காரர் என் வயசுள்ள பாய். தலையைக் கவிழ்த்து, நாலு ஸ்குரூவைக் கழற்றி, உள்ளே முகர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இது பாதி வோல்டேஜ் மோட்டாரு. நேரா நம்ம கரண்டைக் குடுத்திருக்காங்க. கூட ஒரு பெட்டி வந்திருக்குமே?"

"வந்துதுங்க."

"அதை யாரு கழட்டினா? வீட்ல லேடீஸ் தெரியாம மாத்தி மாட்டிட்டாங்களா?"

"ஆமாங்க பாய்" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. அதுவரை நான் பேசாமல் மட்டும்தான் இருந்தேன். இப்போது சொல்லியே விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"இருக்கிறதுலயே பெரிய மோட்டாரு குடுங்க" என்றேன். ரிக்காரன் புத்தி.

"பெரிசு வெயிட்டு. தள்ளுறது யாரு?"

"ஊட்டுல தானுங்க. அவங்களுக்கு இளைப்பு."

"அப்ப பெரிசு வேணாம். கார்ப்பெட் முடி எவ்ளோ உசரம்?"

தெரியவில்லை. இரண்டு வருஷமாக அதன் மேல் நடந்திருக்கிறேன், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். அவள் கீழே இருந்தாள். "இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று போனோடு மாடி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் அந்த விசில் சத்தம் காதில் விழுந்தது. கடைக்காரருக்கும் கேட்டிருக்கும், அவர் எரிந்த தலையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "சுண்டுவெரல் நகத்தளவு... இருக்குதுங்க" என்று சொல்லி முடிக்க அவளுக்கு நேரமாயிற்று.

பாய் இரண்டு தலைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று நம்ம கரண்டிலேயே ஓடுகிற மோட்டார் தலை, பெட்டி தேவையில்லை, எடையும் கம்மி. இன்னொன்றுக்குக் கரண்டே கிடையாது. உறிஞ்சுகிற காற்றே பிரஷைச் சுற்றிவிடும். இரண்டும் எங்கள் ஓஸின் கழுத்துக்குச் சேர்ந்தன.

"காத்துல ஓடுறது மேலாப்புலதான் எடுக்கும். அமுத்தினா நின்னுரும். இளைப்புக்காரங்க வீடுன்னா மோட்டார் தலைதான் சரி. அடியில இருக்கிற பொடிதான் ஆளைக் கொல்றது."

நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு வேறு கணக்கு ஓடிற்று. கரண்டுத் தலையைக் கொண்டுபோனால் அவள் தொடமாட்டாள். தொட வைக்க வேண்டும் என்றால் போனது உன்னால் இல்லை என்று சொல்ல வேண்டும். கரண்டே இல்லாத தலையென்றால் பயப்பட எதுவுமில்லை, அவள் பாட்டுக்கு எடுத்து ஓட்டுவாள், பழைய பேச்சும் அப்படியே அமுங்கிவிடும். காற்றுத் தலையையே காட்டினேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரியில்லேன்னா கொண்டாங்க, மாத்திக்கலாம்" என்றார்.

நான் நினைத்த மாதிரியே நடந்தது. ஒயர் இல்லை என்றதும் கையில் வாங்கினாள். "இது சுட்டுப்போவாதுங்களே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு ஓட்டினாள். கார்ப்பெட் பளிச்சென்றுதான் தெரிந்தது. நான் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்று நாள் ஆயிற்று. இளைப்பு குறையவில்லை. நான் ஷெட்டுக்குப் போய் டிரம்மின் அடிப்பாகத்தைக் கழற்றினேன். ரிக்கில் எங்கள் வேலையே அதுதான். கீழே இருப்பதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. வெளியே வருகிற மாவை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துத்தான், இப்போது எந்தப் பாறையில் போகிறோம், இன்னும் எவ்வளவு போக வேண்டும் என்று சொல்வோம். பழைய தலை ஓடிய காலத்தில் டிரம்மைக் கொட்டினால் சாம்பல் நிறத்தில், திருநீறு போல மாவு விழும். இப்போது விழுந்தது முடி, நூல், ஒரு பொரி. தேய்ப்பதற்கு மாவே இல்லை. மேல் மண்ணையே நாங்கள் தாண்டவில்லை.

அடியில் அத்தனையும் அப்படியே கிடக்கிறது. அதன் மேல் அவள் உட்கார்ந்து தினமும் பேரனோடு வீடியோவில் பேசுகிறாள். எல்லாம் ஒரு அடாப்டரை மறைக்க. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கையைக்கூடக் கழுவாமல் காற்றுத் தலையைக் கழற்றிப் பையில் போட்டேன். பாய் ஒன்றும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார். பில் போடும்போது நானாகவே, "பாய், அன்னிக்குக் கேட்டீங்கல்ல. பெட்டியக் கழட்டுனது நான்தானுங்க" என்றேன். அவர் தலை நிமிராமல், "இங்க சொல்லி என்னண்ணே ஆகப்போவுது" என்றார்.

வீட்டுக்கு வந்து நேராக மாடிக்குப் போனேன். அவள் பேரனோடு பேசி முடித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தாள். புதுத் தலையின் ஒயரைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கரண்டு தலைங்களா? எனக்கு வேண்டாமுங்க. நான் ஒருக்காக் கெடுத்தது போதும்."

"நீ கெடுக்கல."

"பின்ன?"

அடாப்டரை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பெட்டியைக் கழற்றியது, பிரஷ் பறந்தது, பிளக்கைப் பிடுங்கியபோது இதை ஒளித்தது, கடையில் அவள்மேல் பழி போட்டது, காற்றுத் தலை வாங்கியது ஏன் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். முடித்தபின் நானும் தரையில் உட்கார்ந்தேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடாப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, என் பக்கம் நீட்டினாள்.

"அவங்கிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். அவளிடம் சொன்ன அளவுக்கு விவரமாக இல்லை, ஆனால் விட்டுவிடாமல் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏனுங்கப்பா, நேராவே செருகிப்போட்டீங்களா? உங்களுக்கு எதுலயும் ஃபுல் பிரஷரு இருக்கோணும்! உடுங்கப்பா, பரவால்லைங்க. வேற ஒண்ணு வாங்கியாச்சல்ல?"

நானும் சிரித்தேன். பாரம் இறங்கிய சிரிப்பு. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் ஆலாய்ப் பறந்தேன் என்று அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. போனை வாங்கி அணைத்தாள். புதுத் தலையை ஓஸில் மாட்டி, கிளிக் என்று சேருகிறதா என்று இழுத்துப் பார்த்தாள். ஒயரைத் தானே பிளக்கில் செருகினாள். சுவிட்சில் விரலை வைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னப்ப அவன் சிரிக்கலீங்க" என்றாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.