ஏழு சோடிச் செருப்பு

எனக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. கோப்பு வர ஐந்து நிமிடம் தாமதமானால் எழுந்து சன்னலுக்கும் மேசைக்குமாக நடக்கத் தொடங்கிவிடுவேன். "அம்மா, தரை தேஞ்சிரப் போகுது" என்று எங்கள் அலுவலக உதவியாளர் கிண்டல் செய்வார். அப்படிப்பட்ட நான் ஒருநாள் முக்கால் மணி நேரம் ஒரு வேப்பமரத்தடியை விட்டு நகராமல் நின்றேன்.

அப்போது நான் துணை வட்டாட்சியர். பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. விருதுநகரில் ஒருநாள் பயிற்சி வைத்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். ஆபத்து நேரத்தில் எந்த இடத்துக்குள்ளும் புகலாம், இடிபாட்டை அகற்றலாம், நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கு வழக்கு வராது என்றெல்லாம் இருந்தது. ஆனால் அதிகாரம் முழுக்க மேலே இருந்தது. என் நாற்காலிக்கு அதில் எவ்வளவு என்று கேட்டேன். வகுப்பெடுத்தவர் புத்தகத்தை மூடினார். "எதைச் செஞ்சாலும் மணி போட்டு எழுதி வைங்க. நாளைக்கு அதுதான் உங்களைக் காப்பாத்தும்" என்றார். அன்றே ஒரு குட்டி நோட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

புரட்டாசி மாதம், தீபாவளி சீசன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. வட்டாட்சியர் கோர்ட்டு வேலையாக மதுரைக்குப் போயிருந்தார். நான்தான் ஜீப்பில் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது தீ அடங்கியிருந்தது. வெடித்த அறை இருந்த இடத்தில் தரை மட்டுமே மிச்சம். பக்கத்து அறை கூரையோடு சரிந்து கிடந்தது. நான்கு பேரை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"நாலு பேருதாம்மா. ரிஜிஸ்டரப் பாருங்க" என்று போர்மேன் பதிவேட்டை நீட்டினார். "பக்கத்து ரூம்ல இன்னைக்கு வேலையே இல்ல."

பதிவேடு சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக இருந்ததே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. நிற்க முடியாமல் சுற்றி நடந்தேன். வாசலை அடுத்த வேப்பமரத்தடியில் செருப்புகள் கிடந்தன. செருப்பில் ஒட்டிய மணல் உராய்ந்தால் பொறி பறக்கும் என்பதால் பட்டாசு அறைக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மரத்தடியில் வரிசையாகக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வெடித்ததும் வெறுங்காலோடு சிதறி ஓடியவர்கள், பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் கிடந்ததை எண்ணினேன். ஏழு சோடி. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுடையது நான்கு என்றால், மூன்று அதிகம்.

நோட்டை எடுத்து எழுதினேன்: 'மணி 11.20. மரத்தடியில் ஏழு சோடிச் செருப்பு.'

"பயத்துல வெறுங்காலோடயே வீட்டுக்கு ஓடியிருப்பாகம்மா" என்றார் போர்மேன். அதுவும் நடக்கக்கூடியதுதான்.

அந்த நேரத்தில் ஓர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நேராகச் செருப்புகளிடம் போனார். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த ஒரு நீலச் செருப்பைக் கையில் எடுத்தார்.

"இது எம் மக செருப்பு. காலையில ஊக்கு குத்தி விட்டது நாந்தான். அவ இன்னும் வீடு வரல தாயி. அங்கன உள்ளதான் கெடக்கா."

மகளுக்கு இருபது வயது. சீசனுக்கு மட்டும் வேலைக்கு வருகிறவள், அதனால் பதிவேட்டில் பேர் ஏறவில்லை. தீயணைப்பு அதிகாரியை மரத்தடிக்கே கூப்பிட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "மேடம், அடியில எரியாத மருந்து இருக்கு. ரிஜிஸ்டர்படி உள்ள ஆளே இல்ல. ஆள் இருக்குன்னு நீங்க எழுதிக் குடுங்க, இறங்குறோம்."

கம்பெனி மேனேஜர் என் காதருகில் வந்தார். "வெடிபொருள் துறை வந்து பாக்குறதுக்கு முன்னால எதையும் கலைக்கப்படாது மேடம். கலைச்சா சாட்சி அழிஞ்சதுன்னு உங்க தலையிலதான் விடியும். இறங்குறவன் செத்தா அதுவும் உங்க கணக்குதான்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் என்னைக் கட்டிப்போட்டது. வட்டாட்சியருக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். ஆட்சியர் அலுவலகத்தில் யாரோ எடுத்து, "லைன்ல இருங்க" என்றார்கள். இருந்தேன். துண்டித்துப் போனது. மறுபடி போட்டேன். பயிற்சிப் புத்தகத்தின் பக்கங்கள் மனதுக்குள் புரண்டன, எந்தப் பக்கத்திலும் துணை வட்டாட்சியர் இல்லை. எனக்குப் பயம். சஸ்பெண்ட் ஆவேன் என்ற பயம், நான் இறக்கிவிட்டுத் தீயணைப்பு ஆட்கள் சாவார்களோ என்ற பயம். இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியாது. அந்த அம்மா அழவில்லை. செருப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்று என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் யாரும் அனுமதி தரவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். 'உள்ளே ஆட்கள் இருப்பதாக நம்புகிறேன். உடனே இறங்கித் தேடவும். பொறுப்பு என்னுடையது. மணி 12.05.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் அடித்து நனைத்துவிட்டு, இரும்பு படாமல், ஒவ்வொரு கல்லாகக் கையால் எடுத்தார்கள். மூன்று பேரும் இருந்தார்கள். இரண்டு பேருக்கு உயிர் இல்லை. அந்தப் பெண்ணுக்கு மூச்சு இருந்தது. சிவகாசி போவதற்குள் வண்டியிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் மரத்தடியில் ஒரு செருப்புகூட இல்லை.

நஷ்டஈட்டு வழக்கில் கம்பெனி தரப்பு சொன்னது இதுதான்: மூன்று பேரும் வேலையாட்களே இல்லை, சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மேல் சுவர் சரிந்தது. கூட வேலை பார்த்தவர்கள் வாயே திறக்கவில்லை. அவர்களுக்கும் அடுத்த சீசன் இருக்கிறது. பெற்ற தாய் சொல்வதைச் சாட்சியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வேடிக்கை பார்க்க ஓடிவருகிறவர்கள் செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டு வருவார்களா? அதைச் சொல்ல என் நோட்டில் ஒரு வரி இருந்தது. பதினொன்று இருபது என்ற மணியோடு. அதை நீட்டினால், தீயணைப்புக் கோப்பில் இருக்கும் என் தாளின் பன்னிரண்டு ஐந்தும் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

நோட்டை யாரும் கேட்கவில்லை. அது பைக்குள் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று ராத்திரி தூங்காமல் வீட்டுக் கூடத்தில் நடந்தேன். செய்த காரியத்துக்குச் சட்டம் துணை நிற்கும். செய்யாமல் நின்றதற்கு எது துணை? நாலாம் நாள் கோர்ட்டில் நோட்டைக் கொடுத்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு மணியையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். "நாற்பத்தைந்து நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். "போன் பண்ணிக்கொண்டிருந்தேன்" என்றேன். கோர்ட்டில் யாரோ இருமினார்கள்.

வெளியே வந்தபோது அந்த அம்மா படியோரம் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"எம் மக வேலைக்குத்தான் வந்தான்னு ஒருத்தராவது எழுதி வச்சிருந்தீகளே" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. "அம்மா, உள்ளே வாசிச்சதைக் கேட்டீங்களா? முக்கால் மணி நேரம் நான் சும்மா நின்னேன்" என்றேன்.

"தெரியும் தாயி," என்றார் அவர். "நானுந்தான அங்கன நின்னேன்."